மச்சான் வண்டியின் புது செட்

சவுண்டுக்காரர் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று தெருவே சொல்லும். டீயைக்கூட நின்றுகொண்டே பாதி குடித்து, மீதியை எங்கோ வைத்துவிட்டு, அப்புறம் அந்த டம்ளரைத் தேடி அலைகிற ஆள். அப்படிப்பட்டவரிடம் போய் ஆஸ்பத்திரிக்காரர்கள், "ரிப்போர்ட் வந்ததும் டாக்டரே கூப்பிடுவாங்க. மூணு மணிக்குள்ள வந்துடும். போனைப் பக்கத்துலயே வச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனிதர் என்ன பாடு படுவார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? காலை பத்து மணிக்குள் போனை நாற்பது தடவை எடுத்துப் பார்த்துவிட்டார். சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது, மணியின் சத்தமும் முழுதாக வைக்கப்பட்டிருந்தது. போனில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவர் காதில்தான்.

இடது காது. ஒரு வருஷமாக அதில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. வேறு யாராவது என்றால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இவர் கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்துகிறவர். கேசட் ஓடிய காலத்தில் ஆரம்பித்து, சிடி வந்து, அதுவும் மலையேறி, இப்போது டேஷ்போர்டின் நடுவில் டிவி மாதிரி டச் ஸ்கிரீன் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் இருபத்தேழு வருஷமாக இதே பிழைப்பு. எந்த ஸ்பீக்கரில் எந்தத் திருகு தளர்ந்து அதிர்கிறது என்பதைக் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார். சவுண்டுக்காரர் என்ற பட்டமே அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லோடு சரி. அவருக்கே காது கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் கடைக்கு எவன் வருவான்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடமும்தான்.

மறைப்பதற்கு அவர் பட்ட பாட்டில் பாதியைப் பட்டிருந்தால் போன வருஷமே டாக்டரைப் பார்த்திருக்கலாம். வண்டி கொண்டுவருகிறவர்களை எப்போதும் தன் வலப்பக்கம் வருகிற மாதிரி நிறுத்துவார். இடப்பக்கம் யாராவது பேச்சைத் தொடங்கினால், எதையோ எடுக்கப் போகிறவர்போல் ஒரு சுற்றுச் சுற்றி வலப்பக்கத்தைக் கொடுத்துவிடுவார். சும்மாவே நிலையில்லாமல் சுற்றுகிற ஆள் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வீட்டில்தான் பாச்சா பலிக்கவில்லை. வீட்டில் அவருக்கு இருந்த ஒரே ஆயுதம் "ம்". மனைவி என்ன சொன்னாலும் "ம்". புரியாவிட்டால் "ம், சரி".

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்ணில் பட்டுவிடும். கணவனின் "ம்"மில் உயிர் இல்லை என்பது படாமலா இருக்கும்? "இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுறீங்க" என்பாள். இந்தக் காதில் வாங்கவே முடியவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? பதினோரு நாட்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவர் மேசை விளக்கின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் வேகமாக வந்து இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னாள். அவர் தலையைத் தூக்காமலே, "ம், சரி. கத்திரிக்கோல் எங்க?" என்றார். கத்திரிக்கோல் வந்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. என்ன சொன்னாள் என்று கேட்கலாம்தான். கேட்டால் அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பதினோரு நாளை ஓட்டிவிட்டார்.

அந்த மௌனம் தாங்காமல்தான் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்பீக்கர் வாங்கப் போவதாகப் பக்கத்து டயர் கடையில் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். வலது காது முடிகிற வரைக்கும் மனிதர் பிரமாதமாக அமுக்கினார். இடது காது வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சும்மா இருக்கத் தெரிய வேண்டுமே! குத்துமதிப்பாக ஒரு கணக்கு வைத்து, தாளம் போடுகிற மாதிரி அமுக்கிக்கொண்டே போனார். சோதனை செய்த பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, "சார், நான் இன்னும் சத்தமே அனுப்பல" என்றாள். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நரம்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். படிவத்தில், தகவல் தெரிவிக்க வேண்டிய ஆள் என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமனே விடக்கூடாது என்றதால் மனைவியின் பெயரை எழுதினார். அந்த ஸ்கேன் முடிவைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறார்கள்.

இந்த லட்சணத்தில் மச்சான் வண்டியோடு வந்து நின்றார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வீட்டு புரோக்கர். அவருக்கு ஆபீஸ், வரவேற்பறை எல்லாமே அந்த வண்டிதான். ஓட்டிக்கொண்டே அந்த டச் ஸ்கிரீன் வழியாக நாள் முழுக்க ஊரோடு பேசிக்கொண்டிருப்பார். மூன்று நாட்களுக்கு முன்னால், நாலு மாடி பார்க்கிங்கில் பட்டப்பகலில் கண்ணாடியை உடைத்து, அந்த செட்டை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடியை மறுநாளே மாற்றியாயிற்று, ஆனால் செட் போனதிலிருந்து மச்சான் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி தவித்துக்கொண்டிருந்தார்.

சவுண்டுக்காரர் டேஷ்போர்டில் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியை முரட்டுத்தனமாக உடைத்தவன், உள்ளே வந்ததும் நல்ல பிள்ளையாக மாறியிருந்தான். எங்கும் ஒரு கீறல் இல்லை. ஒயரை வெட்டவில்லை. சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிக் கழற்றி, நாலு திருகுகளையும் டம்ளர் வைக்கிற குழியில் பத்திரமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"நல்ல வேலைக்காரன். சுத்தமா கழட்டியிருக்கான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏன் மாப்ள, ஆள் கிடைச்சா உங்க கடையிலயே வேலை போட்டுக் கொடுங்களேன்" என்றார் மச்சான். அவருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

பழைய மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டதால் அதற்கு அடுத்து வந்த புதிய செட்டை வாங்கியிருந்தார்கள். புதியது என்றால் சும்மாவா? முதல் சண்டை டேஷ்போர்டின் ஃபிரேமோடு. திரை ஒரு விரற்கடை அகலம் அதிகம். ஃபிரேமின் இரண்டு ஓரத்தையும் அரத்தால் தேய்த்து வழி பண்ண வேண்டியிருந்தது. பின்பக்கக் கேமராவின் பிளக் பழசில் நாலு கால், புதிதில் ஆறு கால். அதற்கு ஒரு துண்டு ஒயரைப் பற்றவைத்து இணைப்புச் செய்தார். ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தான்களை அது அடையாளமே கண்டுகொள்ளவில்லை. இது சத்தம் கூட்ட, இது போன் எடுக்க என்று ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் எட்டு தடவை வெளியே போய்ப் போனைப் பார்த்துவிட்டு வந்தார். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்து வேலை. அன்றைக்கு மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டது.

"யார் போனுக்கு மாப்ள இந்தத் துடிப்பு?" என்று மச்சான் கேட்டார்.

"ஸ்பீக்கர் கம்பெனிக்காரன்" என்றார் இவர்.

பழைய செட்டில் போனைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் திரையில் விரல் வைத்துச் சொல்ல வேண்டும். புதியது அப்படியில்லை. ஒரு தடவை அறிமுகமான போன் பக்கத்தில் வந்தால் போதும், கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு போன்களை வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் வேறு. சவுண்டுக்காரர் எந்த செட்டைப் பொருத்தினாலும் முதலில் தன் போனைச் சேர்த்துத்தான் சோதிப்பார். பாட்டுப் போட்டுப் பார்ப்பார், யாரையாவது கூப்பிட்டு மைக்கைச் சரிபார்ப்பார், கடைசியில் தன் போனின் பெயரைச் செட்டிலிருந்து அழித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பார். இருபத்தேழு வருஷத்தில் சாப்பிட்டதும் கை கழுவுகிற மாதிரி ஆகிவிட்ட பழக்கம் அது.

அன்றும் அவர் போனிலிருந்து பாட்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வைத்தார். திருப்தியாக இருந்தது. மச்சான் ஏறி உட்கார்ந்து கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்ள, இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் இந்தக் கத்து கத்துது? வலது பக்கம் ஆளையே காணோம்?"

இந்த மாதத்தில் இதே புகாரைச் சொன்ன மூன்றாவது ஆள் மச்சான். முதல் இரண்டு பேரிடம் வண்டியின் அமைப்பு அப்படி என்று அடித்துவிட்டிருந்தார். மச்சானிடம் கோபம் வந்தது.

"உங்களுக்குச் சத்தத்தைப் பத்தி என்ன மச்சான் தெரியும்? நாள் பூரா வீட்டு விலையைக் கேக்கிற காது அது."

"சரிப்பா, நீங்க பெரிய ஆளு. ஆனா எனக்கு இடது பக்கம் இரைச்சல் தாங்கல."

வேறு வழியில்லை. திரையில் இடது வலது சத்தத்தைப் பிரிக்கிற புள்ளியை இழுத்து நட்டநடுவில் வைத்தார். "இப்பதான் அருமையா இருக்கு" என்று மச்சான் சிரித்தார். இவர் காதுக்குப் பாட்டு முழுவதும் வலப்பக்கமாகச் சரிந்து விழுந்துவிட்ட மாதிரி இருந்தது. எது சமம் என்று இனிமேல் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குதித்து இறங்கி வெளியே ஓடி, எண்ணைப் பார்த்தார். ஏதோ கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு. எடுக்காமலே துண்டித்து, வாயில் வந்ததைத் திட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மச்சான் வண்டியை எடுத்துவிட்டார்.

"தங்கச்சி வீட்டுச் சாவியை உள்ளயே வச்சுப் பூட்டிட்டாளாம். உங்ககிட்ட இருக்கிறதை வாங்கணுமாம். நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"அவ என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா நீங்க காதுல போட்டுக்கிறதில்லையாம். அதான் என்னைக் கூப்பிட்டா."

வண்டி போய்விட்டது. போனின் பெயரை அழிக்கவில்லை என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவர் கடைக்குள் நடந்த நடையை அளந்தால் பக்கத்து ஊர் வந்திருக்கும். ஒயர் சுருள்களை நிறவாரியாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்தார். ஸ்குரூடிரைவர்களைத் துடைத்தார். ஒருவேளை கட்டியாக இருந்தால் தலையைத் திறப்பார்களா, திறந்தால் எத்தனை நாள் கடை மூடியிருக்கும், அவளிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது என்று மனம் ஒன்றைப் பிடித்து ஒன்றுக்குத் தாவியது. பக்கத்து டயர் கடையின் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடியது. மணி இரண்டே முக்கால் ஆயிற்று. சொன்னதை மறந்துவிட்டார்களோ என்று அவரே கூப்பிடலாமா என யோசித்தார். கூப்பிடவும் பயமாக இருந்தது.

மச்சானின் வண்டி வந்து கடை வாசலில் நின்றது. ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். சவுண்டுக்காரர் சாவியை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினார். போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

அமுக்கி, வலது காதில் வைத்தார். "ஹலோ." ஒன்றும் கேட்கவில்லை. "ஹலோ, சொல்லுங்க டாக்டர்." ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. கம்ப்ரசரும் அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது. நல்ல காதும் போய்விட்டது என்று நினைத்தார். மேசையில் இருந்த ஸ்பேனரை எடுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று கேட்டது. அப்பாடா என்று மூச்சு வந்தது. அப்படியென்றால் போனுக்கு என்ன வந்தது? எடுத்துப் பார்த்தார். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அழைப்பு ஓடுகிற நேரத்தின் பக்கத்தில் ஒரு குட்டிக் கார் படம் மின்னிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். முன் கண்ணாடிக்குப் பின்னால் அவர் மனைவி, அவரே காலையில் பொருத்திய திரையை நோக்கி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மச்சான் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

போனில் இருந்த அந்தக் கார் படத்தின் மேல் விரலை வைத்தால் போதும், பேச்சு திரும்பத் தன் கைக்கே வந்துவிடும். இருபத்தேழு வருஷத் தொழில்காரருக்கு அது தெரியாதா? விரலைக் கொண்டுபோனார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசினாள் என்று தெரியவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. இடையில் நிறுத்தி, கேட்டு, தலையாட்டி, மறுபடி ஏதோ கேட்டாள். அவர் பக்கம் ஒரு தடவை கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கு விரல் இறங்கவில்லை. ஒளித்து ஒளித்து அலைந்தது போதும் என்று இருந்தது. போனைக் கையில் வைத்தபடியே, தன்னைப் பற்றிய செய்தி தன் கண்ணெதிரே இன்னொருவருக்குச் சொல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்துகொண்டு அவள் இறங்கினாள். கண்கள் சிவந்திருந்தன. அழுகையா கோபமா என்று பார்த்தால் இரண்டும்தான்.

"எத்தனை நாளா?"

"அது வந்து..."

"எத்தனை நாளாங்க?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷம்! ஒரு வருஷமா என்னைப் பார்த்தாலே பிடிக்கலைன்னு நினைச்சுட்டிருந்தேன். படுத்தா தூக்கம் வராம, நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சுட்டிருந்தேன். அப்போ அன்னிக்கு நான் சொன்னதும் கேக்கலையா? கத்திரிக்கோல் கேட்டீங்களே, அன்னிக்கு?"

"நீ ஏதோ சொன்னேன்னு தெரியும். என்னன்னு தெரியாது."

அவள் அவரையே பார்த்தாள். "என்னைப் பிரிவுக்குத் தலைமையா போட்டுட்டாங்கன்னு சொன்னேன். பதினெட்டு வருஷம் கழிச்சு. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு, வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காம ஓடி வந்தேங்க."

சவுண்டுக்காரருக்கு அவமானமாக இருந்தது. அன்று தலையைத் தூக்கி அவள் முகத்தை ஒரு நொடி பார்த்திருந்தால் போதும், காதே வேண்டியிருந்திருக்காது. காது கேட்காததற்கு அவர் பொறுப்பில்லை. பார்க்காததற்கு அவர்தானே பொறுப்பு? "தப்புதான்" என்றார். "சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம். சவுண்டுக்காரன் காது செவிடுன்னு."

"எல்லாரும்னா நானுமா?"

வண்டிக்குள்ளிருந்து மச்சான் தலையை நீட்டினார். "மாப்ள, அப்போ அந்த இடது பக்க ஸ்பீக்கர் கத்துனது..."

"அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் அவள். மச்சான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"டாக்டர் என்னதான் சொன்னாங்க?" என்று சவுண்டுக்காரர் கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய இடப்பக்கமாக நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். சரியாக அந்த நேரத்தில் டயர் கடை கம்ப்ரசர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்கூட இவருக்கு எட்டவில்லை. சொல்லி முடித்துவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தாள். பழக்கதோஷம், "ம்" தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போக ஒரு காலும் எழும்பிவிட்டது.

காலை ஊன்றினார். "ம்"மை விழுங்கினார்.

"கேக்கல" என்றார்.

அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. டயர் கடைக்காரர், மச்சான், எதிர்ச்சாரியில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த ஆள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லு."

அவள் கையை வாயருகே குவித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கட்டி இல்லையாம்! வலது காது நல்லா இருக்காம்! இடது இனி வராதாம்! மிஷின் மாட்டணுமாம்! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்று அவரும் கத்தினார். "கேட்டுச்சு, கேட்டுச்சு!"